பைக்ல புகை, ஆயில் லீக்: நம்ம குமரி மாவட்டத்துல அடிக்கடி கேக்குற சந்தேகங்களும் பதிலும்

தக்கலை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்ல பன்னிரண்டு வருஷம் வேலை பாத்தேன், இப்ப வேற தொழில்தான், ஆனாலும் வீட்டு முத்தத்துல வண்டிய கொண்டு நிறுத்திட்டு "இத ஒண்ணு பாரு மக்கா"ன்னு கேக்குறவங்க இன்னும் வந்துட்டுதான் இருக்காங்க. கேக்குறதும் சுத்திச் சுத்தி அதே சந்தேகங்கதான். அதனால அவங்க கேட்ட வார்த்தையிலேயே கேள்விய வச்சு பதில் எழுதியிருக்கேன். எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் ஒண்ணு உண்டு, பிரிக்க வேண்டிய அவசியமே இல்லாத என்ஜின பிரிச்சுப் போட்டு, பைசாவும் போய், வண்டியும் பழைய மாதிரி இல்லாம ஆகுறது. புகை எப்ப வருது, எண்ணெய் எங்க இருந்து ஒழுகுதுன்னு பாக்காம ஸ்பானர எடுக்கவே கூடாது.

அண்ணே, சைலன்சர்ல புகை வருது, என்ஜின் போச்சா?

புகைன்னு சொன்னா போதாது, கலர் சொல்லணும். நீலம் கலந்த சாம்பல் கலர்ல, மூக்குல காந்துற மாதிரி வாசனையோட வந்தா என்ஜின் ஆயில் எரியுது. கறுப்பா வந்தா பெட்ரோல் கூடுதலா எரியுது, அதுக்கு ஏர் பில்டர் அடப்பு, சோக் முழுசா திரும்பாம நிக்கறது, கார்ப்பரேட்டர் செட்டிங் இதெல்லாம் பாக்கணும், இன்ஜெக்சன் வண்டின்னா சென்சார், இன்ஜெக்டர் பக்கம் போகணும். கறுப்புப் புகைக்கு யாராவது ரிங் (பிஸ்டன சுத்தி இருக்க வளையம்) மாத்தணும்னு சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

வெள்ளையா வந்து காத்துல உடனே மறஞ்சா பெரும்பாலும் நீராவிதான். நீலப் புகை அப்பிடி மறையாது, பின்னால வர்றவன் மூக்க பொத்துற வரைக்கும் கூடவே வரும்.

காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வெள்ளையா வருது, பிறகு ஒண்ணும் இல்ல. பயப்படணுமா?

ரப்பர் வெட்டுக்குப் போறவங்க இத நிறைய கேப்பாங்க, குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் வெளுப்புக்கு முன்னாடி நல்ல குளிரும் ஈரமும் இருக்கும், சைலன்சருக்குள்ள ராத்திரி படிஞ்ச ஈரம் சூடானதும் ஆவியா போகுது. அஞ்சு நிமிசத்துல நின்னுட்டா கவலைப்பட ஒண்ணும் இல்ல.

சந்தேகம் இருந்தா ஒரு வெள்ளப் பேப்பர சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளி பிடிச்சுப் பாருங்க. வெறும் ஈரம்னா காஞ்சதும் பேப்பர் பழைய மாதிரி ஆயிடும். எண்ணெய்னா பழம்பொரி மடிச்சுத் தந்த பேப்பர் மாதிரி கறை அப்பிடியே நிக்கும். கூலன்ட் (என்ஜின் சூட்ட ஆத்துற திரவம்) ஊத்துற வண்டில மட்டும் கதை வேற, வெள்ளப் புகை சூடான பிறகும் நிக்காம, இனிப்பு வாசனையோட வந்து, கூலன்டும் குறஞ்சுட்டே போச்சுன்னா ஹெட் கேஸ்கெட் (என்ஜின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ இருக்க பிளாக்குக்கும் நடுவுல அடைக்கிறது) போயிருக்க வாய்ப்பு அதிகம், அத ஓட்டாதீங்க.

ஆயில் எவ்வளவு இருக்குன்னு எப்பிடி பாக்கது? வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, நான் பாத்ததே இல்ல

இன்னைக்கே பாருங்க. வண்டிய சமமான தரைல சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ரெண்டு மூணு நிமிசம் ஓட விட்டு ஆப் பண்ணி, இன்னும் ரெண்டு மூணு நிமிசம் கழிச்சு ஆயில் குச்சிய எடுத்து துணில தொடச்சு மறுபடி விட்டுப் பாக்கணும். ஹீரோ, ஹோண்டா வண்டிகள்ல குச்சிய மரை போட்டு முறுக்காம சும்மா வச்சுதான் பாக்கணும், முறுக்கிப் பாத்தா லெவல் கூடுதலா காட்டும். குச்சிக்குப் பதிலா என்ஜின்ல ஆயில் லெவல் தெரியுற கண்ணாடி வச்ச வண்டின்னா நேரா நிமித்திப் பிடிச்சுப் பாருங்க. சைடு ஸ்டாண்ட்ல பாத்தா எதுலயும் சரியா தெரியாது.

ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா போதும். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு மொத்தமே ஏறத்தாழ 900 மில்லிதான், அதுல 300 மில்லி எரிஞ்சு போனாலே மூணுல ஒரு பங்கு போச்சு. வண்டி ஒண்ணும் காட்டிக்காது, நல்லாத்தான் ஓடும், ஒரு நாள் திடீர்னு பிஸ்டன் இறுகிப் பிடிக்கும். புகை விடுற வண்டின்னா வாரம் ஒரு தடவ, இல்லாட்டி மாசம் ஒரு தடவயாவது பாத்துருங்க.

கொஞ்சம் கூடுதலா ஊத்தினா நல்லதுதானே?

இல்ல. லெவலுக்கு மேல போனா கிராங்க் சுத்தும்போது ஆயில அடிச்சு நுரையாக்கும், உள்ள பிரஷர் கூடும், பிரீதர் ஹோஸ் (என்ஜினுக்குள்ள இருக்க காத்து வெளிய போற குழாய்) வழியா ஏர் பில்டர் பாக்ஸுக்குப் போய் அங்கிருந்து என்ஜின் அத உறிஞ்சி எரிக்கும். சர்வீஸ் விட்டு எடுத்த அன்னைக்கே புகை ஆரம்பிச்சா முதல்ல லெவலப் பாருங்க. ஒரு லிட்டர் டப்பாவ மிச்சம் வைக்காம முழுசா கவுத்தியிருப்பாங்க, அவ்வளவுதான். கூடினத எடுத்துட்டு ஏர் பில்டர் பாக்ஸ தொடச்சு விட்டா சரியாயிடும்.

வண்டி நிக்கற இடத்துல எண்ணெய் சொட்டுது, எங்க இருந்துன்னு தெரியல

சொட்டுற இடத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. எண்ணெய் மேல இருந்து கீழ வழியும், ஓடும்போது காத்து அத பின்னால தள்ளும், அதனால லீக் ஹெட்ல இருக்கும், சொட்டு கியர் பெடல் கிட்ட விழும். முதல்ல அது என்ஜின் ஆயில்தானான்னு ஒரு வெள்ள அட்டைய அடியில போட்டு ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்க. பெட்ரோல்னா கறை இல்லாம காஞ்சிடும், வாசனை மட்டும் இருக்கும். செயின் லூப்னா கறுப்பா பிசினா ஒட்டும். முன் சக்கரத்துக்குப் பக்கத்துலன்னா போர்க் ஆயிலா (முன் ஷாக் அப்சார்பருக்குள்ள இருக்க ஆயில்) இருக்கலாம்.

என்ஜின் ஆயில்தான்னு தெரிஞ்சா, என்ஜின் ஆறின பிறகு மண்ணெண்ணெயோ டீசலோ பிரஷ்ல தொட்டு எல்லா அழுக்கயும் கழுவுங்க, சோப்புத் தண்ணில அலசி நல்லா காய விடுங்க. பிறகு பிள்ளைக்குப் போடுற பவுடர் எடுத்து என்ஜின் முழுக்க தூவுங்க, டாப்பெட் மூடி சுத்தி, ஹெட்டும் பிளாக்கும் சேர்ற இடம், கிளட்ச் கவர், மேக்னெட் கவர், கியர் ஷாப்ட் சுத்தி எல்லாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா வெள்ளப் பவுடர்ல ஈரக்கோடு ஒண்ணு தெரியும். அந்தக் கோடு எங்க ஆரம்பிக்குதோ, அதாவது இருக்கதுலயே மேல, இருக்கதுலயே முன்னால நனஞ்ச இடம் எதுவோ, லீக் அங்கதான். ஒர்க்‌ஷாப்ல எங்க ஆசான் எனக்கு முதல்ல சொல்லித் தந்த வேலை இது. பத்து ரூபா பவுடர்ல தெரியுற விஷயத்துக்கு என்ஜின எறக்கக்கூடாதும்பாரு.

டிரெயின் போல்ட்ல கசியுது, இன்னும் இறுக்கினா நிக்குமா?

நிக்காது, மரை போயிடும். போல்ட் இரும்பு, என்ஜினோட வெளிக்கூடான கேஸ் அலுமினியம், பலத்த போட்டா தோக்குறது அலுமினியம்தான். அங்க ஒரு சின்ன வாஷர் உண்டு, நசுங்கி அடைக்கிறதுக்குன்னே போட்டது, ஒவ்வொரு தடவ ஆயில் மாத்தும்போதும் அதையும் மாத்தணும், ஆனா யாரும் மாத்துறதில்ல. பத்துல ஏழு டிரெயின் போல்ட் லீக்க நான் அந்த வாஷர மட்டும் மாத்தி நிறுத்தியிருக்கேன்.

மரை ஏற்கனவே போயிருந்தா எம்-சீல் வச்சு அடைக்காதீங்க. லேத்ல கொண்டு போனா ஹெலிகாயில் (புது மரையா நிக்கற கம்பிச்சுருள்) போட்டுத் தருவாங்க, பழைய அளவு போல்டே கேறும்.

கேஸ்கெட் எல்லாம் வேண்டாம், பேஸ்ட் போட்டா போதும்னு சொல்லுதாங்களே?

பேஸ்ட் போட வேண்டிய இடமும் உண்டு, ரெண்டு கேஸ் சேர்ற இடத்துல கம்பெனியே மெல்லிசா போடும். ஆனா பேப்பர் கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்துல பேஸ்ட்ட பல்லுக்குத் தேய்க்கிற மாதிரி பிதுக்கி வச்சா வெளிய பிதுங்குறது கண்ணுக்குத் தெரியும், அதே அளவு உள்ளயும் பிதுங்கி நிக்கும். அது பிஞ்சு போய் ஆயில் போற ஓட்டைய அடச்சா ஹெட்டுக்கு ஆயில் ஏறாது, வால்வ திறக்குற கேம் ஷாப்ட் தேஞ்சு போகும். லீக் நின்னுச்சுன்னு சந்தோசப்பட்டு ஒரு மாசத்துல ஹெட்ட மாத்தினவங்கள பாத்திருக்கேன். புது கேஸ்கெட் வாங்கி, பழசோட ஒட்டல பிளேடால கீறாம பைய சுரண்டி எடுத்துட்டு, போல்ட்ட குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினாலே நிக்கும்.

நீலப் புகைதான், உறுதி. ரிங் தேஞ்சதா, வால்வு சீலா? ஒருத்தர் ஒண்ணு சொல்லுதாரு

இங்கதான் பைசா நிறைய வீணாகுது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்லுதேன். வால்வு சீல்ங்கிறது விரல் நுனி அளவுள்ள ரப்பர் தொப்பி, வால்வு தண்டு வழியா மேல இருக்க ஆயில் கீழ இறங்காம பிடிக்கும். அது காஞ்சு கல்லாயிட்டா ராத்திரி முழுக்க சொட்டு சொட்டா எறங்கி நிக்கும், காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே ஒரு நீலப் புகை குப்புன்னு வந்துட்டு நிக்கும். ஆக்சிலேட்டர விட்டு இறக்கத்துல வரும்போது சிலிண்டருக்குள்ள உறிஞ்சுற இழுவை கூடும், அப்பவும் ஆயில இழுக்கும், கீழ வந்து மறுபடி முறுக்கினதும் புகை வரும். ரிங் தேஞ்சா நேர் எதிர், பாரம் ஏத்தி முறுக்கும்போதுதான் கூடுதலா வரும், பிறகு எப்பவுமே வரும்.

மார்த்தாண்டம் பாலமோ பார்வதிபுரம் பாலமோ போதும் இத சோதிக்க. பின்னால ஒரு ஆள ஏத்திட்டு நல்லா சூடான வண்டில பாலம் ஏறுங்க, கூட்டாளி ஒருத்தன் வேற வண்டில பின்னால வந்து பாக்கட்டும். ஏறும்போது புகை விட்டா ரிங், போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் துளை) பக்கம். இறங்கி முடிஞ்சு மறுபடி முறுக்கும்போது மட்டும் விட்டா வால்வு சீல். ஆனி ஆடில காவல்கிணறுல இருந்து ஆரல்வாய்மொழி வழியா எதிர்காத்துல வரும்போது மட்டும் புகையுதுன்னு ஒருத்தர் வந்தாரு, அவ்வளவு காத்த எதிர்த்து முறுக்கித்தானே வரணும், அதுவும் பாலம் ஏறுற கணக்குதான், பிரிச்சுப் பாத்தா ரிங் தேஞ்சிருந்துச்சு.

இன்னும் உறுதி வேணும்னா கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அமுங்குற காத்தோட பிரஷர அளக்குறது) வச்சு பாக்கச் சொல்லுங்க. ஒரு தடவ அளந்துட்டு, பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கணும். கம்ப்ரஷன் நல்லா கூடினா ரிங் வழியா போகுது, கூடலைன்னா வால்வு உக்காருற இடம் வழியா போகுது. ஸ்ப்ளெண்டர் மாதிரி படுத்த சிலிண்டர்ல விட்ட ஆயில் கீழ்ப்பக்கமே தங்கிடும், அதனால அந்த வண்டிகள்ல இத மட்டும் நம்பாம பாலத்துல பாத்ததயும் சேத்து முடிவு பண்ணுங்க. வால்வு சீல் வெல ஒரு டப்பா ஆயில் வெலய விட குறைவு, கூலிதான் கூடுதல், அதுக்காக போர் வேலைக்கு பைசா குடுத்துராதீங்க.

சரி, ரிங்தான். ரிங் செட் மட்டும் மாத்தினா போதாதா?

போர் வட்டமா இருந்தா போதும். ஓடி ஓடி போர் கோழிமுட்டை மாதிரி ஆயிட்டா புது ரிங் அதுல சரியா ஒட்டாது, கொஞ்ச நாள்ல பழைய புகையே திரும்ப வரும். போர் கேஜ் வச்சு அளந்து சொல்லச் சொல்லுங்க, விரல விட்டுத் தடவிப் பாத்து சொல்றத நம்பாதீங்க. தேஞ்சிருந்தா லேத்ல போர் அடிச்சு அடுத்த அளவு பிஸ்டன் போடலாம், 0.25, 0.50ன்னு படிப்படியா கூடுற அளவுல கிடைக்கும். கேடிஎம் டியூக் மாதிரி உள்ள கோட்டிங் குடுத்த போர் வண்டில இது நடக்காது, பிளாக்கும் பிஸ்டனும் சேத்து புதுசுதான்.

ரிங் கேத்தும்போது எழுத்து இருக்க பக்கம் மேல வரணும், மூணு ரிங்கோட வாயும் ஒரே நேர்கோட்டுல வரக்கூடாது. பக்கத்துல நின்னு பாருங்க, நல்ல மெக்கானிக் அதுக்கு கோபப்பட மாட்டாரு.

பைசா செலவு பண்ணி என்ஜின் வேலை முடிச்சும் புகை வருதே?

முதல் நாள் கொஞ்சம் வரும். கேத்தும்போது தடவின ஆயிலும், சைலன்சருக்குள்ள முன்னாடி படிஞ்சு கிடந்த ஆயிலும் எரிஞ்சு தீரணும். ஒரு அம்பது, நூறு கிலோமீட்டர்ல குறஞ்சுட்டே வந்து நின்னா கொள்ளாம். குறையவே இல்லைன்னா ரிங் தலைகீழா கேறியிருக்கும், இல்ல வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்குற குழல்) தேஞ்சத பாக்காம புது சீல மட்டும் போட்டிருப்பாங்க. கைடு ஆடுச்சுன்னா எத்தன சீல் போட்டாலும் நிக்காது. முதல் 500 கிலோமீட்டர் ஒரே வேகத்துல பிடிச்சு ஓட்டாம ஏத்தி இறக்கி ஓட்டுங்க, முடிஞ்சதும் ஆயில மாத்துங்க.

கட்டியான ஆயில் ஊத்தினா புகை நிக்கும்ங்காங்க, உண்மையா?

கொஞ்சம் குறையும், தேஞ்சது தேஞ்சதுதான். 10டபிள்யூ30 (ஆயில் எவ்வளவு கட்டின்னு சொல்ற எண்) கேக்குற வண்டில அத விட கட்டியான 20டபிள்யூ50 ஊத்தினா காலைல மேல ஏற நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க ஹெட் காஞ்சு ஓடும். என்ஜின் வேலைக்கு பைசா சேருற வரைக்கும் ரெண்டு மாசம் ஓட்டணும்னா சரி, அதையே மருந்துன்னு நினைக்காதீங்க. கார் ஆயில மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க, கியர் பைக்ல கிளட்ச் ஆயிலுக்குள்ளதான் கிடக்கு, வழுக்கும். டப்பால ஜாஸோ எம்ஏ, இல்ல எம்ஏ2ன்னு போட்டிருக்கணும்.

ஆயில் குச்சில பால் சாயா கலர்ல இருக்கு, என்னது அது?

தண்ணி கலந்திருக்கு. ஓடின ஆயில் கட்டஞ்சாயா மாதிரி கறுத்து இருந்தா அது இயல்பு, பால் விட்ட சாயா மாதிரி ஆனா தண்ணி. வீட்டுல இருந்து கடைக்கு ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுற வண்டில என்ஜின் முழுசா சூடாகாம ஈரம் உள்ளயே தங்கி மூடி அடியில மட்டும் லேசா வெண்ண மாதிரி ஒட்டும், அதுக்கு நீளமா ஒரு ஓட்டம் ஓட்டினா போயிடும். முழு ஆயிலும் அப்பிடின்னா மழைல முங்கினதா இருக்கும், கூலன்ட் வண்டின்னா ரெண்டாவது பதில்ல சொன்ன ஹெட் கேஸ்கெட், இல்ல வாட்டர் பம்ப் சீல்.

வெள்ளத்துல வண்டி முங்கிச்சு, தண்ணி வடிஞ்சாச்சு, ஸ்டார்ட் பண்ணலாமா?

வேண்டாம், கிக்கரயும் தொடாதீங்க, செல்பும் அடிக்காதீங்க. நமக்கு இடவப்பாதி (ஜூன்ல தொடங்குற தென்மேற்கு) மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு, 2021 நவம்பர்ல எத்தன வீட்டு முத்தத்துல வண்டி முங்கிக் கிடந்துச்சுன்னு எல்லாருக்கும் ஓர்மை இருக்கும். தண்ணி வடிஞ்சதும் ஆசைல செல்ப் அடிச்சவங்க வண்டிக்குத்தான் பெரிய வேலை வந்துச்சு, சிலிண்டருக்குள்ள நிக்கற தண்ணிய பிஸ்டனால அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும்.

பிளக்க கழத்தி, ஏர் பில்டர எடுத்து, ஆயில வடிச்சு, சைலன்சர் தண்ணிய சாய்ச்சு விட்டு, பிளக் இல்லாமலே கிக்கர பைய அமுக்கி உள்ள இருக்க தண்ணிய வெளிய தள்ளணும். புது ஆயில் ஊத்தி கொஞ்ச நேரம் ஓட விட்டு அதையும் வடிச்சுடுங்க, கலர் தெளியுற வரைக்கும் ரெண்டு மூணு தடவ மாத்த வேண்டி வரும். அதுக்கு வெல குறைஞ்ச ஆயில் போதும்.

நான் மீன் யாவாரம், குளச்சல்ல இருந்து தினமும் பெட்டி கட்டி வாறேன். எனக்கு மட்டும் ஏன் அடிக்கடி லீக்?

ஐஸ் உருகி வர்ற உப்புத் தண்ணியும் கடல்காத்தும்தான் காரணம். அலுமினியம் கேஸ்ல போல்ட்ட சுத்தி வெள்ளையா பொடி பூத்து கேஸ்கெட் உக்காருற இடத்த அரிக்கும், கியர் ஷாப்ட் துருப்பிடிச்சு சொரசொரன்னு ஆகி ஆயில் சீலோட உதட்ட ஒவ்வொரு கியர் மாத்தும்போதும் கிழிக்கும். அதனால வெறும் சீல மாத்தினா ஒரு மாசம்கூட நிக்காது, ஷாப்ட்ட நைஸ் எமரிப் பேப்பர் போட்டு வழுவழுன்னு ஆக்கிட்டு, உதட்டுல கிரீஸ் தடவி மாத்தச் சொல்லுங்க. தினமும் வீட்டுக்கு வந்து என்ஜின் ஆறினதும் நல்ல தண்ணி ரெண்டு பக்கெட் ஊத்துங்க, பெட்டிக்கு அடியில தண்ணி ஒழுகாம ஒரு தட்டு வைங்க.

எல்லா சீலும் மாத்தியாச்சு, மறுபடியும் ஒவ்வொரு இடமா கசியுது

பிரீதர் ஹோஸ் பாத்தீங்களா? பிஸ்டன் மேலயும் கீழயும் போகும்போது உள்ள இருக்க காத்து வெளிய போக அந்த ஒரு வழிதான். அது அடச்சா பிரஷர் ஏறி எந்த சீல் பலவீனமோ அந்த வழியா ஆயில வெளிய தள்ளும். கருங்கல்ல இருந்து ஒரு வண்டி வந்துச்சு, வேற ரெண்டு இடத்துல காட்டி கிளட்ச் கவர் கேஸ்கெட் மூணு தடவ மாத்தியாச்சு. ஹோஸ் ஏர் பாக்ஸ்ல இருந்து கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு, நுனிய நிமித்திப் பாத்தா குளவி மண்ணு வச்சு கூடு கட்டியிருக்கு, சுண்டுவிரல் நீளத்துக்கு. ஒரு கம்பிய விட்டு மண்ண உதுத்து, ஹோஸ கழுவி மாட்டினோம். அதுக்குப் பிறகு லீக் இல்ல.

ஹோஸ் அடப்பு இல்லாம அதுல இருந்து புகை குபுகுபுன்னு வந்தா அது ரிங் வழியா கீழ இறங்குற, எரிஞ்ச வாயு, மேல ரிங் பத்தி சொன்னதப் பாருங்க.

எனக்கு ஆயில் குறையல, கூடுது! எப்பிடி?

பெட்ரோல் இறங்குது. கார்ப்பரேட்டர்ல மிதவை ஊசி சரியா அடைக்காம, பெட்ரோல் டேப்பும் மூடாம ராத்திரி விட்டா பெட்ரோல் சிலிண்டர் வழியா கீழ இறங்கி ஆயில்ல கலக்கும். குச்சிய மோந்து பாருங்க, தண்ணி மாதிரி ஓடும், பெட்ரோல் வாசனை அடிக்கும். இது ஆபத்து, பேரிங்குக்கு அந்த ஆயில் பிடிக்காது, கூடுதல் லெவல்னால வர்ற புகையும் சேந்து வரும். ஊசிய மாத்தி, ஆயிலையும் மாத்தி, நிறுத்தும்போது டேப்ப மூடுங்க.

ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கேன், புகை வரத்தானே செய்யும்?

டூ ஸ்ட்ரோக்ல ஆயில் பெட்ரோலோட சேந்து எரியணும், அதனால லேசான புகை அதோட குணம். 1996லயே தயாரிப்பு நின்னு போன யமஹா வண்டி, இன்னும் பிள்ளை மாதிரி பாக்குறவங்க நம்ம ஊர்ல நிறைய உண்டு. ஆனா திடீர்னு வெள்ளப் புகை மூட்டமா வந்து கியர் ஆயிலும் குறைஞ்சா வலது பக்க கிராங்க் சீல் போச்சு, கியர் பாக்ஸ் ஆயில என்ஜின் உறிஞ்சுது. இடது பக்க சீல் போனா புகை கூடாது, வெளிக்காத்த உறிஞ்சி ஐடிலிங் தானா ஏறும், என்ஜின் தீயா சுடும், பிஸ்டன் பிடிக்கும். புகை இல்லையேன்னு நிம்மதியா இருந்துராதீங்க.

புகை விடுற வண்டிக்கு புகை சர்டிபிகேட் கிடைக்குமா?

பெட்ரோல் வண்டில அந்த மிஷின் அளக்குறது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான். ஆயில் எரிஞ்சா ஹைட்ரோகார்பன் ஏறும், அதனால பெயில் ஆகலாம். சர்டிபிகேட் இல்லாம பிடிச்சா 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபா வரைக்கும் அபராதம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டின்னா இன்னொரு நஷ்டமும் இருக்கு, எரிஞ்ச ஆயிலோட சாம்பல் சைலன்சருக்குள்ள புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல படிஞ்சு அதயும் கெடுக்கும், அது வெல கூடுன சாமான்.

கடைசியா ஒண்ணு, இப்பிடியே எத்தன நாள் ஓட்டலாம்?

டாப்பெட் மூடில லேசா ஈரம், காலைல ஒரு நீலப் புகை, இதெல்லாம் லெவல் பாத்து ஊத்திட்டு மாசக்கணக்குல ஓட்டலாம். வாரத்துக்கு 100 மில்லிக்கு மேல ஊத்த வேண்டி வந்தா தள்ளிப் போடாதீங்க.

ஒரே ஒரு லீக்குக்கு மட்டும் ஒரு நாள்கூட தவணை கிடையாது, முன் ஸ்ப்ராக்கெட் (என்ஜின் பக்கம் செயின் மாட்டுற பல் சக்கரம்) கிட்ட இருக்க ஷாப்ட் சீல். அங்க கசியுற ஆயில செயின் அப்பிடியே பின்னால கொண்டு போய் டயர்ல தெறிக்கும், நம்ம ரோடு முழுக்க வளைவு, பாதி நாள் மழை ஈரம். வண்டிய ஸ்டாண்ட் போட்டு பின் டயரோட இடது ஓரத்த ஒரு பழைய துணியால தொடச்சுப் பாருங்க. துணில எண்ணெய் பிடிச்சா சோப்புப் போட்டு டயர கழுவி காய வச்சுட்டு, பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் உருட்டிட்டுப் போங்க.